வாசல் அகன்ற வீடு: தோழர் என்.சங்கரய்யா நினைவுரை

(வைட்ஃபீல்டில் தமிழ்த் தோழர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2023 நவம்பர் 15 அன்று சென்னையில் தோழர் என்.சங்கரய்யா மறைந்தார். நூறு வயதைக் கடந்த வாழ்வு அது. அதில் எண்பது ஆண்டுகளுக்கும் மேலானவை பொதுவாழ்வுக்கு உரியவை. எட்டு ஆண்டுச் சிறைவாசம், மூன்று ஆண்டுத் தலைமறைவு, மூன்று முறை சட்டமன்ற உறுப்பினர், 1964 ஏப்ரலில் தேசியக் கவுன்சிலிலிருந்து வெளியேறி மார்க்சிஸ்ட் கட்சிக்கு வித்திட்ட 32 பேரில் ஒருவர், 1995 முதல் 2002 வரை தமிழ்நாடு மாநிலச் செயலாளர் என்று அவரைப் பற்றிய குறிப்புகள் அனைத்தும் தோழர்களுக்கு மனப்பாடம். ஆண்டுதோறும் நினைவு நாளில் மேடைகளில் இவை சொல்லப்படுகின்றன. சொல்லப்பட வேண்டியவையே.

இன்றைய உரை அவருடைய வாழ்வின் மற்றொரு பக்கத்தை எடுத்துக்கொள்கிறது. சங்கரய்யா ஒரு கணவர், தந்தை, பாட்டனார், ஒரு பெரிய குடும்பத்தின் மூத்தவர். கம்யூனிஸ்டுகளைப் பற்றி இருவகைச் சித்திரங்கள் நாட்டில் உலவுகின்றன. குடும்பத்தைத் துறந்து இயக்கத்துக்கு வந்தவர்கள் என்பது நண்பர்கள் தீட்டும் சித்திரம். குடும்ப அமைப்பையே குலைக்க வந்தவர்கள் என்பது பகைவர்கள் தீட்டும் சித்திரம். சங்கரய்யாவின் வாழ்வு இவ்விரண்டுக்கும் பொருந்தவில்லை. அவர் குடும்பத்தைத் துறக்கவுமில்லை, குலைக்கவுமில்லை. அதன் வாசலை அகலமாக்கினார். அந்த ஒரு செயலில் இன்றைய நமக்கு என்ன பாடம் இருக்கிறது என்பதே இவ்வுரையின் பொருள்.

இதைப் பேசுவதற்கு வைட்ஃபீல்ட் பொருத்தமான ஊர். கண்ணாடிக் கட்டடங்களும் அடுக்குமாடிகளும் நிறைந்த இன்றைய தோற்றத்துக்குப் பின்னால் இவ்வூருக்கு ஒரு பழைய கதை உண்டு. ஐரோப்பியத் தந்தையருக்கும் இந்தியத் தாய்மாருக்கும் பிறந்த வழியில் வந்த ஆங்கிலோ-இந்தியர்களை வெள்ளையர் சமூகம் தன்னுடன் சேர்த்துக்கொள்ளவில்லை. சாதி இந்தியாவும் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்கள் உழுது பிழைக்க ஒரு குடியிருப்பு வேண்டும் என்று டேவிட் ஒயிட் என்பவர் நிறுவிய சங்கம் முயன்றது. மைசூர் மன்னர் சாமராஜ உடையார் 1882இல் நிலம் வழங்கினார். ஒயிட்டின் பெயரால் இது வைட்ஃபீல்ட் ஆயிற்று. கலப்பு மணத்தின் வழித்தோன்றல்கள் தலைசாய்க்க இடமின்றித் தேடிக்கொண்ட ஊர் இது. கலப்பு மணத்தைத் தன் வீட்டின் இயல்பாகவே ஆக்கிய ஒருவரை இவ்வூரில் நினைவுகூர்வது தகும்.

தேர்வு எழுதாத மாணவர்

அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் பிரதாபச்சந்திரன். பாட்டனாரின் பிடிவாதத்தால் அப்பாட்டனாரின் பெயரே பேரனுக்கும் வந்து, அவர் சங்கரய்யா ஆனார். தந்தையார் மதுரையில் பணியாற்றியதால் படிப்பு மதுரையில் அமைந்தது. அமெரிக்கன் கல்லூரியில் வரலாறு பயின்றார். நன்றாகப் படிக்கும் பிள்ளை; பேச்சாற்றல் மிக்கவர். நடுத்தரக் குடும்பம் ஒன்று தன் மகன் பட்டதாரியாகி, நல்ல வேலையில் அமர்ந்து, தன்னைத் தாங்குவான் என்று எதிர்பார்ப்பது இயல்பு. அந்த எதிர்பார்ப்பு நிறைவேற இரண்டு வாரங்கள் மட்டுமே எஞ்சியிருந்தன. 1941 பிப்ரவரி இறுதியில், இளங்கலை இறுதித் தேர்வுக்குச் சுமார் பதினைந்து நாள்களுக்கு முன்னர், பிரிட்டிஷ் அரசு அவரைக் கைது செய்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள் மீதான அடக்குமுறையைக் கண்டித்தமைக்காக அந்தக் கைது.

அவர் அத்தேர்வை எழுதவில்லை, பட்டமும் பெறவில்லை. மதுரைச் சிறை, வேலூர்ச் சிறை, இராஜமுந்திரிச் சிறை என்று அவருடைய மேற்படிப்பு தொடர்ந்தது. வேலூரில் அரசியல் கைதிகளை வகுப்பு பிரித்து நடத்தும் முறைக்கு எதிராகத் தோழர்கள் 19 நாள் உண்ணாநிலைப் போராட்டம் நடத்தினர். பல நாள் பட்டினிக்குப் பின் பார்வையிட வந்த சிறைத்துறை உயர் அதிகாரி, இந்த இளைஞர் கார்க்கியின் ‘தாய்’ நாவலைப் படித்துக்கொண்டிருப்பதைக் கண்டு வியந்தார் என்பது இயக்கத்தில் பலமுறை சொல்லப்பட்ட செய்தி. அந்தப் போராட்டத்தின் கோரிக்கையையும் கவனிக்க வேண்டும். வசதியான வகுப்பில் இடம் பெற்றவனுக்கு நல்ல உணவு, மற்றவனுக்குக் கேழ்வரகுக் கூழ் என்ற பிரிவினை கூடாது என்பதே அது. பந்தியில் வேற்றுமை கூடாது என்ற எண்ணம் அவரிடம் மிக இளமையிலேயே வேரூன்றியிருந்தது.

பின்னர் மதுரைச் சதி வழக்கில் தோழர் பி.ராமமூர்த்தி உள்ளிட்டோருடன் மீண்டும் சிறை. 1947 ஆகஸ்ட் 14 அன்று, நாடு விடுதலை பெறும் நாளுக்கு முந்திய இரவில், அவர்கள் விடுவிக்கப்பட்டனர்.

நவமணி அம்மையார்

விடுதலையாகி ஐந்து வாரங்கள் கழிந்தன. 1947 செப்டம்பர் 18 அன்று சங்கரய்யா மணம் புரிந்துகொண்டார். மணமகள் நவமணி அம்மையார், கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர், ஆசிரியை. சாதியும் மதமும் கடந்த மணம் அது.

அந்த ஆண்டை நினைத்துப் பார்க்க வேண்டும். மதத்தின் பெயரால் நாடு இரண்டாகப் பிளந்து, பஞ்சாபிலும் வங்கத்திலும் குருதி ஓடிக்கொண்டிருந்த வாரங்கள் அவை. பக்கத்து வீட்டார் பக்கத்து வீட்டாரைக் கொன்றனர். அந்த வாரங்களில் மதுரையில் ஓர் இளைஞரும் ஓர் இளம்பெண்ணும் மதங்களின் எல்லைக்கோட்டைத் தாண்டி ஒரு வீட்டை அமைத்தனர். பெரிய அரசியல் அறிக்கைகளுக்கு நடுவே இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆயினும் மதச்சார்பின்மை என்ற கோட்பாடு மனிதரின் அன்றாட வாழ்வில் எந்த வடிவம் எடுக்கும் என்று கேட்பவருக்கு இதைவிடத் தெளிவான விடை கிடையாது.

மணவாழ்வின் தொடக்கமே கடுமையாக அமைந்தது. 1948இல் கட்சி மீது அடக்குமுறை பாய்ந்தது. தலைமறைவு, கைது, 1951 வரை சிறை. பின்னரும் 1960களில் சிறை. இந்த ஆண்டுகளைச் சங்கரய்யாவின் தியாகக் கணக்கில் எழுதுவது நம் வழக்கம். அது அரைக் கணக்கு. சிறைக்குள் ஒருவர் இருக்கும்போது வெளியே வீட்டை நடத்தியவர் யார்? குழந்தைகளை வளர்த்தவர் யார்? நவமணி அம்மையார் ஆசிரியப் பணியும் செய்தார், குடும்பத்தையும் தாங்கினார், இயக்கத்தோடும் நின்றார். 2016இல் அவர் மறையும் வரை ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் அந்த இணைவாழ்வு நீடித்தது.

நம் இயக்க வரலாறு பெரும்பாலும் மேடையில் நின்றவர்களின் வரலாறாக எழுதப்பட்டுள்ளது. முழுநேர ஊழியர் ஒருவரின் பின்னால் மாதச் சம்பளம் பெற்று அடுப்பெரியச் செய்த பெண் ஒருவர் எத்தனையோ வீடுகளில் இருந்திருக்கிறார். மதுரை மண்ணில் தோழர் கே.பி.ஜானகியம்மாள் தம் நகைகளையும் உடைமைகளையும் இயக்கத்துக்கே ஈந்தவர். அவர் பெயர் வரலாற்றில் நிலைத்திருக்கிறது. பெயர் பதியாத பலர் இருக்கின்றனர். சங்கரய்யா கொடையாளர் என்று சொல்லும்போது, அந்தக் கொடையில் பாதி நவமணி அம்மையாருடையது என்று சேர்த்துச் சொல்வதே நேர்மை.

வீட்டுக்குள் வந்த கொள்கை

சாதி மறுப்பு மணம் செய்துகொண்ட தலைவர்கள் பலர் உண்டு. தம் மணத்தோடு அக்கொள்கையை நிறுத்திக்கொண்டவர்களும் உண்டு. பிள்ளைகளுக்கு மணம் பேசும் காலம் வந்ததும் பழைய உறவுகள் நினைவுக்கு வரும். “ஊர் என்ன சொல்லும்” என்ற கேள்வி எழும். “நமக்குக் கொள்கை, பிள்ளைகளுக்கு வாழ்க்கை” என்ற சமாதானம் பிறக்கும்.

சங்கரய்யாவின் குடும்பத்தில் அது நிகழவில்லை. அடுத்த தலைமுறையிலும் அதற்கடுத்த தலைமுறையிலும் சாதி மறுப்பு, மத மறுப்பு மணங்கள் தொடர்ந்தன. பல சாதிகளில், பல மதங்களில் பிறந்தோர் அக்குடும்பத்தின் மருமக்களாயினர். அவர் அதைச் சகித்துக்கொண்டார் என்று சொல்லக்கூடாது. பெருமையோடு எடுத்துரைத்தார், கூடியிருந்து நடத்திவைத்தார். குரோம்பேட்டையில் இருந்த அந்த எளிய வீட்டுக்குப் பண்டிகை நாளில் சென்றவர் எந்தச் சாதியின் வீட்டுக்கு வந்திருக்கிறோம் என்று சொல்ல முடியாது.

இதன் ஆழத்தை உணர இரண்டு நூல்களை நினைவில் கொள்ளலாம். 1884இல் எங்கெல்ஸ் எழுதிய ‘குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம்’, குடும்பத்தின் வடிவம் இயற்கை தந்தது என்ற நம்பிக்கையைத் தகர்த்தது. சொத்து யாரிடம் இருந்து யாருக்குச் செல்ல வேண்டும் என்ற ஏற்பாட்டோடு குடும்பத்தின் வடிவம் பிணைந்துள்ளது என்று அது காட்டியது. இந்தியாவில் இந்த ஏற்பாட்டுக்குச் சாதி என்ற பூட்டும் உண்டு. 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இளம் அம்பேத்கர் படித்த கட்டுரை, அகமணமே சாதியின் சாரம் என்று நிறுவியது. 1936இல் வெளியான ‘சாதி ஒழிப்பு’ நூலில், கலப்பு மணமே சாதிநோய்க்கு உண்மையான மருந்து என்று அவர் வாதிட்டார். கூடி உண்பது போதாது, குருதி கலக்க வேண்டும் என்பது அவர் நிலை.

நிலம் எந்தக் கைக்குள் இருக்க வேண்டும், பெண் எந்தக் கூட்டத்துக்குள் இருக்க வேண்டும் என்னும் இரு கேள்விகளும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை. விவசாயிகள் சங்கத்தின் தலைவராக நிலத்துக்கான போராட்டத்தை நடத்திய சங்கரய்யா, தம் வீட்டில் இரண்டாவது கேள்விக்கும் விடை கண்டார். நிலச்சீர்திருத்தம் பேசுவோர் பலர். மணச்சீர்திருத்தத்தை மூன்று தலைமுறைக்குத் தம் கூரையின் கீழ் நடத்திக் காட்டியவர் சிலரே.

நாட்டின் நிலை என்ன? 2011–12இல் நடந்த இந்திய மனிதவள மேம்பாட்டு ஆய்வின்படி, இந்தியாவில் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து மணங்களே சாதி கடந்தவை. கல்வி பெருகிற்று, நகரம் பெருகிற்று, கணினி வந்தது. மணப்பந்தலின் வேலி மட்டும் அசையவில்லை. இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான் அந்தக் குரோம்பேட்டை வீட்டின் அருமை விளங்கும்.

ஊரே குடும்பமாக

வீட்டுக்குள் கடைப்பிடித்த அதே நெறியையே அவர் வெளியிலும் கடைப்பிடித்தார். 1967இல் மதுரை மேற்குத் தொகுதியிலிருந்தும், 1977, 1980 ஆண்டுகளில் மதுரை கிழக்குத் தொகுதியிலிருந்தும் அவர் சட்டமன்றம் சென்றார். சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்டும் தீர்மானம் நிறைவேறியதும், சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு கிடைத்ததும் 1967இல். அந்தச் சட்டமன்றத்தில் அவர் உறுப்பினராக இருந்தார். ஆட்சிமொழியாக, பயிற்றுமொழியாக, நீதிமன்ற மொழியாகத் தமிழ் விளங்க வேண்டும் என்று இடைவிடாது குரல் கொடுத்தார். அவருடைய தமிழ்ப்பற்று எந்தப் பிறமொழியின் மீதும் வெறுப்பாகத் திரும்பவில்லை.

1990களின் பிற்பகுதி தமிழ்நாட்டுக்குக் கொடிய காலம். தென் மாவட்டங்களில் சாதி மோதல்கள் ஊர் ஊராகப் பற்றி எரிந்தன. 1998 பிப்ரவரி 14 அன்று கோவை நகரில் தொடர் குண்டுவெடிப்பு நிகழ்ந்தது. மாநிலச் செயலாளராக இருந்த சங்கரய்யா, ‘மக்கள் ஒற்றுமை’ என்ற முழக்கத்தோடு சாதிவெறிக்கும் மதவெறிக்கும் எதிரான இயக்கத்தை முன்னின்று நடத்தினார். அவருடைய சிம்மக்குரலைக் கேட்டவர்கள் இன்றும் நினைவுகூர்கின்றனர். குரலின் வலிமை தொண்டையில் மட்டும் இருந்ததா? சாதியை விடுங்கள் என்று மேடையில் சொல்பவரிடம், “உங்கள் வீட்டில் எப்படி?” என்று கேட்க எவருக்கும் வாய்ப்பில்லை என்பதே அந்தக் குரலுக்குக் கூடுதல் வலிமை தந்தது.

2008 மே மாதம் மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில், தலித் மக்களைப் பிரித்து எழுப்பியிருந்த சுவரின் ஒரு பகுதி, கட்சியும் தீண்டாமை ஒழிப்பு முன்னணியும் நடத்திய போராட்டத்தின் விளைவாக இடிக்கப்பட்டது. அந்தச் சுவர் கண்ணுக்குத் தெரிந்தது. இயந்திரம் கொண்டு இடிக்க முடிந்தது. கண்ணுக்குத் தெரியாத சுவர் ஒவ்வொரு வீட்டின் வாசலிலும் நிற்கிறது. அதை வீட்டிலிருப்பவர்தான் இடிக்க வேண்டும்.

பத்து லட்சம் ரூபாய்

2021 ஜூலை 15 அன்று அவருடைய நூற்றாண்டுப் பிறந்தநாள் கொண்டாடப்பட்டது. அந்த ஆண்டு தமிழ்நாடு அரசு ‘தகைசால் தமிழர்’ என்ற விருதை ஏற்படுத்தி, முதல் விருதுக்கு அவரைத் தேர்ந்தெடுத்தது. விருதுத் தொகை 10 லட்சம் ரூபாய். கொரோனா இரண்டாம் அலையின் காயம் ஆறாத காலம். விருதை ஏற்பதாகவும், தொகையை முதலமைச்சரின் கொரோனா நிவாரண நிதிக்கே வழங்குவதாகவும் அவர் அறிவித்தார். அடுத்த ஆண்டு இதே விருதைப் பெற்ற தோழர் ஆர்.நல்லகண்ணு, அத்தொகையோடு தம்முடைய 5,000 ரூபாயையும் சேர்த்து நிவாரண நிதிக்கே அளித்தார்.

இந்நிகழ்ச்சிகளை வியந்து பாராட்டிக் கடந்துவிடுவது எளிது. பெருஞ்செல்வர் ஒருவர் பத்து லட்சம் தந்தால் அது அவருடைய செல்வத்தில் ஒரு துளி. முழுநேர ஊழியராகவே வாழ்நாளைக் கழித்த ஒருவருக்கு அது வாழ்நாளில் முதன்முறையாகக் கைக்கு வந்த பெருந்தொகையாகவே இருந்திருக்கும். அதை அவர் கையில் வைத்திருக்கவே இல்லை. வாரிசுகளும் அதைக் கேட்கவில்லை. இந்த இரண்டாவது செய்தியே முக்கியமானது. தாம் மட்டும் தன்னலமற்று வாழ்ந்து, வாரிசுகளைப் பேராசையில் வளர்த்தவர்களை நாடு கண்டிருக்கிறது. குடும்பத் தலைவர் ஒருவர் எழுதி வைக்கும் உயில் பத்திரத்தில் மட்டும் இருப்பதில்லை. எதைத் தமது என்று எண்ணக்கூடாது என்று பிள்ளைகளுக்குப் பழக்கிய பழக்கத்திலும் இருக்கிறது.

மறுக்கப்பட்ட பட்டம்

1941இல் பிரிட்டிஷ் அரசு அவரைத் தேர்வெழுத விடாமல் தடுத்தது. எண்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, அதே மதுரையில் உள்ள காமராசர் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்க முடிவு செய்தது. ஆட்சிக்குழுவும் ஆட்சிமன்றப் பேரவையும் ஒப்புதல் அளித்தன. வேந்தராக இருந்த ஆளுநர் ஆர்.என்.ரவி கையெழுத்திட மறுத்தார். 2023 நவம்பர் 2 அன்று நடந்த பட்டமளிப்பு விழாவை உயர்கல்வி அமைச்சர் புறக்கணித்தார். பதின்மூன்று நாள்களில் சங்கரய்யா மறைந்தார்.

வெள்ளையர் ஆட்சி மறுத்த பட்டத்தை விடுதலை இந்தியாவின் ஆளுநரும் மறுத்தார். இதில் இழப்பு சங்கரய்யாவுக்கு இல்லை. விடுதலைப் போரில் இடம்பெறாத ஒரு கருத்தோட்டத்தின் பிரதிநிதிகளுக்கு, விடுதலைப் போர் வீரர் ஒருவரின் பெயருக்குக் கீழே கையெழுத்திட மனம் வரவில்லை. எல்லா மதத்தாரும் உறவினராக வாழும் ஒரு வீடு, மனிதரைப் பிரித்தாளும் அரசியலுக்கு உறுத்தலாகவே இருக்கும். பட்டம் வராத அந்த மனிதரின் உடல் அரசு மரியாதையோடு பெசன்ட் நகரில் எரியூட்டப்பட்டபோது, சாலையின் இருபுறமும் நின்ற உழைப்பாளி மக்கள் தங்கள் தீர்ப்பை எழுதினர்.

வைட்ஃபீல்டில் நாம்

தோழர்களே, இந்த வாழ்வு இங்கே நம்மிடம் என்ன கேட்கிறது?

இப்பகுதியில் வாழும் தமிழர்கள் ஒரே வகையினர் அல்லர். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்து வந்து கட்டட வேலை செய்வோர், குப்பை அள்ளுவோர், வீட்டு வேலை செய்யும் பெண்கள், காவல் பணியாளர்கள் ஒருபுறம். அடுக்குமாடியின் பன்னிரண்டாவது தளத்தில் குடியிருக்கும் மென்பொருள் பொறியாளர்கள் மறுபுறம். ஒரே மாவட்டத்தில் பிறந்தவர்கள் ஒரே வாயிலில் இரு வேறு வழிகளால் நுழைகின்றனர். ஊரை விட்டு வந்தவர்கள் சாதியை விட்டுவிட்டு வந்துவிடவில்லை. கைபேசிக் குழுக்களில் சாதிச் சங்கங்கள் இயங்குகின்றன. மணமகன் தேடும் இணையத்தளத்தில் முதல் கட்டத்தில் நிரப்ப வேண்டியது சாதியின் பெயர்.

இதன் முடிவு என்னவாகும் என்பதற்கு எடுத்துக்காட்டுத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. 2018 நவம்பரில், இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத ஓசூரில் வாழ்ந்த இளம் தம்பதி கடத்திக் கொல்லப்பட்டனர். கணவன் தலித், மனைவி வேறு சாதி. அவர்களின் உடல்கள் கர்நாடகத்தில் சிவனசமுத்திரம் அருகே காவிரியில் மிதந்தன. நீர்ப் பங்கீட்டுக்காக இரு மாநிலமும் வழக்காடும் அதே காவிரி, தமிழ்நாட்டுச் சாதிவெறி கொன்ற பிள்ளைகளைக் கர்நாடக மண்ணில் சுமந்தது. 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் வெட்டிக் கொல்லப்பட்ட தலித் இளைஞர் ஒரு மென்பொருள் பொறியாளர். இங்கே வளாகங்களில் பணிபுரியும் ஆயிரக்கணக்கான இளைஞர்களில் ஒருவரைப் போன்றவர். படிப்பும் பதவியும் அவரைக் காக்கவில்லை.

ஆணவக் கொலைகளுக்கு எதிராகத் தனிச் சட்டம் வேண்டும் என்று கட்சி பல ஆண்டுகளாகப் போராடி வருகிறது. சாதி மறுப்பு இணையருக்கு மாவட்டந்தோறும் சிறப்புப் பாதுகாப்புப் பிரிவுகள் அமைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் வழிகாட்டியது. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் விதிக்கும் 30 நாள் அறிவிப்பு, காதலர்களைத் தேடிப் பிடிக்கும் உறவினர்க்கே வசதியாக அமைந்துவிடுகிறது. இவற்றில் எல்லாம் போராட்டம் தொடர வேண்டும். அத்துடன் நடைமுறையில் ஒன்று செய்யலாம். ஊரிலிருந்து அஞ்சி ஓடிவரும் இணையர் பலர் முதலில் வந்து இறங்கும் நகரம் பெங்களூரு. அவர்களுக்கு ஓர் இரவு தங்க இடம், பதிவு அலுவலகத்துக்கு உடன் வரச் சாட்சி, காவல் நிலையத்தில் பேசத் தெரிந்த ஒரு தோழர் ஆகியவை தேவை. கன்னடம் தெரிந்த தோழர் ஒருவரும் தமிழ் தெரிந்த தோழர் ஒருவரும் சேர்ந்து நின்றால் ஓர் உயிர் காக்கப்படலாம். சங்கரய்யாவின் பெயரால் செய்யத்தக்க பணி இதைவிட வேறு என்ன?

இந்த மண்ணுக்கும் இது புதிதன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கல்யாண நகரில் பசவண்ணரின் வழிவந்த சரணர்கள், செருப்புத் தைக்கும் ஹரளய்யாவின் மகனுக்கும் பிராமணக் குலத்தில் பிறந்த மதுவரசரின் மகளுக்கும் மணம் செய்துவைத்தனர் என்றும், அதற்காக இரு தந்தையரும் மன்னனால் கொல்லப்பட்டனர் என்றும் சரண மரபு கூறுகிறது. கன்னட மக்கள் பெருமையோடு காத்துவரும் நினைவு அது. எண்ணூறு ஆண்டுகள் கழித்து மதுரையில் சங்கரய்யாவும் நவமணியும் நடந்த பாதையின் தொடக்கத்தில் ஹரளய்யாவின் வீடு இருக்கிறது. கன்னடத் தோழர்களிடம் சங்கரய்யாவைப் பற்றிச் சொல்ல விரும்புவோர் அங்கிருந்து தொடங்கலாம்.

1991இலும் 2016 செப்டம்பரிலும் காவிரியின் பெயரால் இந்நகரில் தமிழர் மீது வன்முறை நிகழ்ந்தது. பேருந்துகள் எரிந்தன, குடிசைகளில் வாழ்ந்த ஏழைகள் அஞ்சி ஓடினர். அத்தகைய நாளில் தமிழ் உழைப்பாளியின் கதவருகே நின்று காக்கப்போவது பக்கத்து வீட்டுக் கன்னட உழைப்பாளியே. அந்த உறவைக் கலவர நாளில் உருவாக்க முடியாது. தொழிற்சங்கக் கூட்டத்தில், குழந்தைகளின் பள்ளியில், குடிநீர் லாரி வரும் தெருமுனையில், துக்க வீட்டில், மண வீட்டில் நாள்தோறும் வளர்க்க வேண்டிய உறவு அது. இங்கே வாழும் தமிழ்த் தோழர்கள் கன்னடம் கற்பது நல்ல அரசியல், நல்ல பண்பும்கூட. தமிழுக்காக வாழ்நாளெல்லாம் குரல் கொடுத்தவரின் தோழர்கள் அடுத்தவர் தாய்மொழியையும் அவ்வாறே மதிக்கக் கடமைப்பட்டவர்கள்.

விட்டுச் சென்றது

1964இல் வெளியேறிய 32 பேரில் சங்கரய்யாவும் தோழர் வி.எஸ்.அச்சுதானந்தனும் நெடுங்காலம் எஞ்சியிருந்தனர். 2025 ஜூலையில் வி.எஸ். மறைந்ததோடு அந்தத் தலைமுறை முற்றிலும் விடைபெற்றது. அவர்களை நேரில் கண்டவர்களின் நினைவும் ஒரு நாள் மங்கும். பிறகு எஞ்சுவது அவர்களிடமிருந்து இயக்கம் எதைக் கைக்கொண்டது என்பதே.

சங்கரய்யாவுக்குச் சிலைகள் எழலாம். அரங்குகளுக்கும் சாலைகளுக்கும் அவர் பெயர் சூட்டப்படலாம். எழட்டும், சூட்டப்படட்டும். ஆனால் கட்சி உறுப்பினர் ஒருவர் தம் மகளோ மகனோ வேறு சாதியில், வேறு மதத்தில் ஒருவரை அழைத்து வந்து வாசலில் நிறுத்தும் அந்த நிமிடத்தில் என்ன செய்கிறார் என்பதே அவருக்கான உண்மையான நினைவுச்சின்னம். பேரணியில் நடப்பதைவிட அந்த நிமிடம் கடினமானது. உறவினர் முகம் திருப்பலாம். ஊரில் பேச்சு எழலாம். அப்போது, 1947 செப்டம்பரில் சிறையிலிருந்து வெளிவந்து ஐந்து வாரங்களே ஆன ஓர் இளைஞரும், அவரோடு துணிந்து நின்ற ஓர் ஆசிரியையும் நினைவுக்கு வரட்டும். கதவு திறக்கட்டும்.

தோழர் என்.சங்கரய்யாவுக்கும் தோழர் நவமணி அம்மையாருக்கும் செவ்வணக்கம்!